கல்பாக்கத்தில் வளைந்த குழாயும் பத்தாம் வகுப்புப் பாடமும்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில், காஞ்சிபுரம் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அணு உலையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கண் அசந்தால் தப்பில்லை; நானும் பின்வரிசையில் உட்கார்ந்து அசந்தவள்தான். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் வந்திருப்பதால் கரும்பலகையில் சமன்பாடு எதுவும் எழுதப் போவதில்லை.

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘அணுக்கரு இயற்பியல்’ என்று ஓர் அலகு இருக்கிறது. பல ஆண்டுகள் அதை எப்படி நடத்தினேன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தியாவின் முதல் அணு உலை எது? அப்சரா. எந்த ஆண்டு? 1956. எந்த இடம்? டிராம்பே. இரண்டு முறை எல்லாரையும் சொல்லவைத்து, ‘ஒரு மார்க், விட்டுடாதீங்க’ என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். பிள்ளைகளும் விடவில்லை, சரியாகவே எழுதினார்கள். உலை என்றால் என்ன என்று கேட்டால் மட்டும் முழித்தார்கள்.

அப்படி நடத்திக்கொண்டிருந்தவள் மாறியதற்கு ஒரு மாணவன் காரணம். அவனிடம் வருவதற்கு முன் உலையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிராம்பே கதையைவிட, நம் கல்பாக்கம் கதையை. ‘நம்’ என்று சொல்ல உரிமை இருக்கிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை கல்பாக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. இங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்.

மனிதர் கட்டிய முதல் அணு உலை 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில், ஒரு பல்கலைக்கழக விளையாட்டு மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இயங்கியது. என்ரிகோ ஃபெர்மியின் குழு கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கடுக்காக வைத்துக் கட்டியது. அன்று அது கொடுத்த ஆற்றல் அரை வாட். ஒரு டார்ச் விளக்குக்கே போதாது. ஆனால் தொடர்வினை தானாக நீடித்தது. கட்டுப்படுத்தும் கழியை உள்ளே செருகியதும் நின்றது. அவர்களுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அடுத்த 14 ஆண்டுகளுக்குள், 1956 ஆகஸ்ட் 4 அன்று, ஹோமி பாபாவின் குழு அப்சராவை இயக்கிவிட்டது. எரிபொருள் பிரிட்டன் கொடுத்தது; கட்டியவர்கள் நம்மவர்கள். நீச்சல் குளம் மாதிரி ஒரு தொட்டி, தெளிந்த நீர், அதற்குள் எரிபொருள். உலை ஓடும்போது மேலிருந்து எட்டிப் பார்த்தால் நீல ஒளி தெரியும். இந்த ‘எட்டிப் பார்த்தால் தெரியும்’ என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கல்பாக்கத்துக்குக் கொடுக்கப்பட்டது வேறு வேலை. இயற்கை யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழு பங்குதான் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235. மீதி கிட்டத்தட்ட முழுவதும் யுரேனியம்-238. இந்த 238 ஒரு நியூட்ரானை விழுங்கினால், சில நாட்களில் புளூட்டோனியம்-239 ஆக மாறும். அது நன்றாகப் பிளவுறும். இதை விறகு அடுப்பை வைத்துத்தான் வகுப்பில் சொல்கிறேன். அடுப்பில் காய்ந்த விறகு எரிகிறது. பக்கத்தில் ஈர மட்டையைச் சாத்தி வைக்கிறோம். சோறு வெந்து முடிவதற்குள் மட்டை காய்ந்து அடுத்த வேளைக்கு விறகாகிவிடுகிறது. எரிந்த விறகைவிடக் காய்ந்த மட்டை அதிகமாக இருந்தால் அதுதான் ஈனுலை. யுரேனியம் குறைவாகவும் தோரியம் நிறையவும் உள்ள நாடு நம்முடையது. தோரியத்தையும் இப்படி மாற்றித்தான் பயன்படுத்த முடியும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறதே, அந்தத் தோரியம்தான். அதனால்தான் பாபாவின் மூன்று கட்டத் திட்டத்தில் ஈனுலை நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

1969-இல் பிரான்சுடன் ஒப்பந்தம் ஆனது. அவர்களுடைய ‘ரப்சோடி’ என்ற சோதனை உலையை ஒட்டி இங்கே ஒன்று கட்ட வேண்டும். 1971-இல் கல்பாக்கத்தில் உலை ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இன்று அதன் பெயர் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். 1972-இல் கட்டுமானம் ஆரம்பித்தது. வெப்ப அளவில் 40 மெகாவாட், மின்சாரமாக 13 மெகாவாட் சொச்சம். எஃப்.பி.டி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்கிறோமே, அந்த வேக ஈனுலைச் சோதனை நிலையம் இதுதான்.

கட்டிக்கொண்டிருக்கும்போதே 1974-இல் பொக்ரான் சோதனை நடந்தது. அதன்பின் வெளியிலிருந்து செறிவூட்டப்பட்ட யுரேனியம் கிடைக்கும் வழி அடைபட்டது. உலையின் உடம்பு பிரெஞ்சு வரைபடப்படி வளர்கிறது. அதற்குப் போட வேண்டிய எரிபொருள் கிடையாது. கையில் இருந்தது கொஞ்சம் புளூட்டோனியம். அதைக் கார்பைடாக மாற்றி, 70 பங்கு புளூட்டோனியம் கார்பைடும் 30 பங்கு யுரேனியம் கார்பைடும் கலந்து எரிபொருள் செய்தார்கள். இப்படி ஒரு கலவையை முழு உலைக்கும் எரிபொருளாக எந்த நாடும் அதுவரை போட்டதில்லை. கார்பைடுத் தூள் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். ஆகவே மந்த வாயு நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டு டிராம்பேயில் செய்தார்கள். கட்டத் தொடங்கி 13 ஆண்டுகள் கழித்து, 1985 அக்டோபர் 18 அன்று, சிறிய உள்ளகத்துடன் உலை மாறுநிலையை எட்டியது. தொடர்வினை நிலைத்துவிட்டது என்று பொருள்.

இந்த இடத்தில் பாடநூல் மொழியில் ‘சாதனை’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கலாம். நானும் வைத்திருப்பேன். அடுத்து நடந்ததைப் படித்த பிறகு வைக்க மனம் வரவில்லை.

வேக ஈனுலையில் நியூட்ரான் வேகம் குறையக் கூடாது. தண்ணீர் அதன் வேகத்தைக் குறைத்துவிடும். எனவே வெப்பத்தை எடுத்துச் செல்ல உருகிய சோடியத்தை ஓடவிடுகிறார்கள். நம் ஆய்வக அலமாரியில் மண்ணெண்ணெய்க்குள் கிடக்கும் அதே சோடியம், அங்கே 150 டன். 98 டிகிரியில் உருகும், 883 டிகிரியில்தான் கொதிக்கும். அதனால் அழுத்தம் ஏற்றாமலே சூடாக ஓட்டலாம். வசதிதான். ஆனால் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று நம் பிள்ளைகளுக்கே தெரியும். இன்னொரு குணமும் உண்டு. அது வெள்ளி நிறத்தில் பளபளக்கும் உலோகம். அப்சராவில் எட்டிப் பார்த்த மாதிரி இங்கே பார்க்க முடியாது. உள்ளே நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் கருவி சொல்வதை நம்பித்தான்.

1987-இல் எரிபொருள் கட்டு ஒன்றை உலைக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டு என்பது அறுகோண எஃகுக் குழாய். அதற்குள் 61 மெல்லிய எரிபொருள் ஊசிகள். அதை மேலே தூக்கி ஒரு வழிகாட்டிக் குழாய்க்குள் முழுவதும் இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு உலையின் சுழலும் மூடியைத் திருப்பி, வேண்டிய இடத்துக்கு நேராக வந்ததும் கீழே இறக்க வேண்டும். அன்று கட்டின் அடிப்பாகம் முழுவதும் மேலே வரவில்லை, கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் மூடி திரும்பக் கூடாது என்று தடுக்கும் பூட்டு ஏற்பாடு இருந்தது. அது அப்போது செயல்படாமல் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. மூடி திரும்பியது. கட்டு வளைந்தது, அக்கம்பக்கத்துக் கட்டுகளின் தலைகள் அடிபட்டன, வழிகாட்டிக் குழாயும் வளைந்து சிக்கிக்கொண்டது.

இந்த இடத்தில்தான் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

‘மிஸ், நாடா நடுவுல நிக்கறப்ப பலகைய இழுத்து அடிச்ச மாதிரி.’

பேசியவன் அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவன். வீட்டில் தறி. கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓடும். மறுகோடியில் எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் வேலை நெருக்கும்போது அவன் பள்ளிக்கு வர மாட்டான். நான் வருகைப் பதிவேட்டில் அவனைத் தெரிந்துவைத்திருந்தேன், அவ்வளவுதான். தறி வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் அவன் சொன்னதைக் கேட்டு ‘ஐயோ’ என்றார்கள். எனக்குத்தான் புரியவில்லை. அவனை முன்னால் வரச் சொன்னேன். நாடா மறுகரை சேராமல் பாவுக்குள் நிற்கும்போது பலகையை இழுத்து அடித்தால், பாவு இழைகள் கொத்தாக அறுந்துபோகும். ஒவ்வொன்றாக எடுத்துப் பிணைக்க வேண்டும், அன்றைய கூலி போய்விடும் என்று கையை ஆட்டிக் காட்டினான். அப்புறம் கேட்டான்: ‘நாடா வந்துடுச்சான்னு எங்களுக்குக் கண்ணு பாத்துக்கும் மிஸ். அங்கதான் உள்ள தெரியாதே, என்ன பண்ணுவாங்க?’

பூட்டு ஏற்பாடு எதற்கு என்று நான் ஒரு வாரம் நடத்தியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். கண் இல்லாத இடத்தில் அந்தப் பூட்டுதான் கண். ‘அப்ப அத எதுக்கு மிஸ் எடுத்து வெச்சாங்க?’ என்று இன்னொருத்தி கேட்டாள். பதில் சொல்லாமல், நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியின் கதையைச் சொன்னேன். ஆய்வகத்தில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைத்திருந்தோம். ‘சுற்றிவைத்திருந்தார்கள்’ என்று சொல்ல வந்து, திருத்திக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நாலைந்து கைகள் உயர்ந்தன.

வளைந்த குழாயை எடுப்பது சாதாரண வேலை அல்ல. கதிர்வீச்சு உள்ள இடம், மனிதர் கை வைக்க முடியாது. தொலைவிலிருந்து இயக்கும் வெட்டுக் கருவியை அதற்கென்றே வடிவமைத்து, குழாயை உள்ளேயே இரண்டு துண்டாக அறுத்து வெளியே எடுத்தார்கள். உலை மறுபடி ஓட 1989 ஆனது. மின் தொகுப்பில் முதன்முதலாக இணைந்தது 1997 ஜூலையில். முழு 40 மெகாவாட் வெப்பத் திறனை எட்டியது 2022 மார்ச்சில். அடித்தளம் தோண்டியதிலிருந்து 50 ஆண்டுகள். இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் கூட்டிக் கழித்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த விசித்திரமான கார்பைடு எரிபொருளைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாள் எரிந்தால் போதும் என்ற எச்சரிக்கையான வரம்போடு தொடங்கினார்கள். கட்டம் கட்டமாக வெளியே எடுத்து, அறுத்துச் சோதித்து, வரம்பை உயர்த்தி, 1,65,000 வரை கொண்டுபோனார்கள்.

‘வெடிக்குமா மிஸ்?’ என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வரும். அணுகுண்டு போல வெடிக்காது என்று சொல்கிறேன். அதோடு நிறுத்துவதில்லை. 1951-இல் அமெரிக்காவில் நான்கு மின்விளக்குகளை எரியவைத்து, அணு மின்சாரத்தை முதன்முதலில் காட்டிய உலையும் ஒரு வேக ஈனுலைதான். அதன் உள்ளகம் 1955-இல் ஓரளவு உருகியது. ஜப்பானின் மோஞ்சு உலையில் 1995-இல் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. கடைசியில் அதை மூடவே முடிவெடுத்தார்கள். ரஷ்யாவின் பி.என்.-600 உலையோ 1980 முதல் ஓடுகிறது. கல்பாக்கத்தின் பெரிய உலை, 500 மெகாவாட், 2004-இல் தொடங்கி 2010-இல் முடியும் என்றார்கள். அந்த டிசம்பரிலேயே சுனாமி நீர் அஸ்திவாரக் குழியை மூழ்கடித்தது. உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடக்கிவைக்கப்பட்டது. இவை எல்லாவற்றையும் சொல்கிறேன். பயமுறுத்தவும் மாட்டேன், விளம்பரமும் செய்ய மாட்டேன். கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளை வகுப்பில் இருந்தால் அதன் பயத்துக்கும் இடம் வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அலகுக்கு நமக்குக் கிடைப்பது சில பாடவேளைகள். அதில் ஒன்றை 1987-க்குக் கொடுங்கள். தேர்வில் வராது, எனக்குத் தெரியும். ஏழாம், எட்டாம் வகுப்பு நடத்துபவர்கள் உலையை விட்டுவிட்டு மின்உருகியை எடுத்துக்கொள்ளலாம். கேள்வி ஒன்றுதான்: பாதுகாப்பை யார், எப்போது, ஏன் அகற்றுகிறார்கள்? தொடக்கப் பள்ளியில் ரயில்வே கேட் போதும்.

அந்தப் பையன் அடுத்த வாரம், தேய்ந்து முனை உடைந்த நாடா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் ஆய்வக அலமாரியில், சோடியம் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். இந்த ஆண்டும் அந்தப் பாடத்தை அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தொடங்கினேன். அவன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. முகூர்த்த மாதத்துக்கு முன்னால் இன்னும் விடுப்பு எடுக்கிறான். அவன் அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.