கோரிப்பாளையம் முதல் ஆனைமலை வரை

 

பிறந்து வளர்ந்த ஊரை நெடுநாள் கழித்துக் காணச் செல்பவர் முதலில் தேடுவது வீட்டை அன்று. வீட்டிற்குப் போகும் வழியைத்தான். மதுரையில் வைகையின் வடகரையில் அமைந்த கோரிப்பாளையத்தில் சிறு வயதைக் கழித்தவர் எவரும் இன்று அந்த நாற்சந்தியில் வந்து இறங்கினால் ஒரு கணம் திகைத்து நிற்பர். 2023இல் அங்கே மேம்பாலத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னர்த் தூண்கள் எழுந்தன. கடைகளின் முகப்புகள் பின்வாங்கின. பழைய அடையாளங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின.

ஊர் இப்படி மாறுவது இதுவே முதன்முறை அன்று. 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் கட்டப்படும் வரையில் வடகரையினர் மதுரைக்குள் செல்ல ஆற்று மணலில் இறங்கி ஏறினர். வெள்ளம் வந்தால் இக்கரை இக்கரையாகவே நின்றது. பாலம் வந்தபின் வடகரையும் நகரமாயிற்று. 1881இல் பசுமலையில் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி இப்பக்கம் இடம்பெயர்ந்தது. எர்ஸ்கின் மருத்துவமனை எழுந்தது. அதுவே இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை. 1954இல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. தென்மாவட்டத்து ஏழை எவர்க்கும் பெருநோய் கண்டால் "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்னும் சொல்லுக்கு இன்றும் பொருள் கோரிப்பாளையமே. வளர்ச்சியைப் பழிப்பது எளிது. அந்த மருத்துவமனையின் வாயிலில் விடியலுக்கு முன்பே காத்திருப்போரைக் கண்டவர் அவ்வாறு பழிக்க நாணுவர்.

ஆயினும் ஊர் வளரும்போது எது நிற்கிறது, எது மறைகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோரிப்பாளையத்தில் நிற்பது தர்கா. கோரி என்னும் சொல்லே கல்லறையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது என்பர். தர்காவின் பெருங்கவிகை அழகர் மலையிலிருந்து கொண்டுவந்த ஒற்றைக் கல் என்பது ஊரார் வழங்கும் செவிவழிச் செய்தி. அதே அழகர் மலையிலிருந்து சித்திரையில் புறப்படும் கள்ளழகர் இறங்குவதும் இந்த ஆற்றில்தான்.

மறைந்தவை நீர்நிலைகள். உலகனேரி என்னும் பெயரில் ஏரி இருக்கிறது. அங்கே 2004 முதல் இயங்குவது உயர்நீதிமன்றக் கிளை. மாட்டுத்தாவணி என்றால் மாட்டுச் சந்தை; இன்று அங்கே நிற்பவை பேருந்துகள். பெயர்கள் மட்டும் பழமையை விடாமல் பற்றிக்கொண்டிருக்கின்றன. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி வழிந்து, செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் தன் பழைய வழியை மறக்கவில்லை. நீரையும் மண்ணையும் ஓரறிவுயிரின் உடலாகக் கண்டு, நீர்க்காயம், நிலக்காயம் எனப் பெயரிட்டு, அவற்றிற்குத் தீங்கிழைக்க அஞ்சிய நெறியில் வந்தவர்க்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் திக்விரதம் ஒன்று. இத்திசையில் இவ்வளவு தூரமே செல்வேன் என எல்லை வகுத்துக்கொள்வது அது. நகரத்திற்கு அத்தகைய விரதம் ஏதுமில்லை. 2011இல் மதுரை மாநகராட்சி 72 வட்டங்களிலிருந்து 100 வட்டங்களாகவும், ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராகவும் விரிந்தது. அவ்வாறு விரியும் திசைகளுள் ஒன்றுதான் வடகிழக்கே செல்லும் மேலூர்ச் சாலை. ஏ.வி. பாலத்தின் மீது நின்று அத்திசையில் நோக்கினால் படுத்திருக்கும் யானையைப் போல ஒரு மலை தெரியும். கோரிப்பாளையத்துச் சிறுவர்க்கு அது வெறும் யானைமலை. தமிழ்ச் சமணர்க்கு அது எண்பெருங்குன்றத்துள் ஒன்று.

அம்மலையில் இயற்கைக் குகையொன்றின் முகப்பில் தீர்த்தங்கரர் திருமேனிகளும் அம்பிகை இயக்கியின் உருவும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. காரையும் வண்ணமும் பூசிய சுவடுகூட இன்னும் அழியவில்லை. அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அச்சணந்தி அடிகள் செய்வித்த திருமேனி ஒன்றின் கீழ், அது நரசிங்கமங்கலத்துச் சபையாரின் இரட்சை எனப் பொறிக்கப்பட்டுள்ளது. இரட்சை என்றால் காவல். நரசிங்கமங்கலமோ பிரமதேயம், அதன் சபையார் வேத வழியினர், அதே மலையில் கி.பி. 770இல் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயிலை உடைய ஊரார். வேற்று நெறியினர் செதுக்கிய அருகன் திருமேனிக்கு அவர்கள் காவல் நின்றனர் என்று கல்லே கூறுகிறது. சமணரும் பிறரும் மதுரையில் ஓயாது பொருதனர் என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகளை, இக்கல்வெட்டின் முன் ஒருமுறையேனும் அழைத்துச் சென்று நிறுத்த வேண்டும்.

2010இல் அம்மலையைச் சிற்ப நகரமாக மாற்றும் திட்டம் ஒன்று எழுந்தது. நரசிங்கம், ஒத்தக்கடை முதலிய ஊர்களின் மக்கள் எதிர்த்து நின்றனர், திட்டம் கைவிடப்பட்டது. அந்நிகழ்வை ஒட்டியே எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று தொடங்கிய பசுமை நடை, மதுரையைச் சூழ்ந்த சமணக் குன்றுகளுக்கு மக்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துச் சென்றது. மலையைக் காக்க எழுந்தவர்கள் அவ்வட்டெழுத்தைப் படித்திருக்க வேண்டிய தேவை இல்லை. அது தங்கள் மலை. அவ்வளவே அவர்கள் அறிந்தது. கீழக்குயில்குடியில் தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கும் குகையை ஊரார் செட்டிப்புடவு என அழைக்கின்றனர். திருமேனியை ஒரு செட்டியாராகக் கண்டு வைத்த பெயர் அது. பிழையான பெயர்தான், ஆனால் பெயர் வைத்தவர்கள் அயலாராக எண்ணவில்லை.

இவ்விடத்தில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் தம்மைக் கேட்டுக்கொள்ளத் தக்க வினா ஒன்று உண்டு. வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து படிப்பிற்கும் பணிக்குமாகப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட்டனர், சென்றதில் குற்றமில்லை. அவ்வூர் ஜினாலயத்தின் சாவி இன்று யார் கையில் இருக்கிறது? எழுபதைக் கடந்த ஒரு பெரியவரிடம் இருக்கலாம். அவர்க்குப் பின் யாரிடம் என்பதை அவ்வூரில் எவரேனும் பேசி முடித்திருக்கின்றனரா? பக்கத்துத் தெருவினரை, சமணர் அல்லாதவரை, பண்டிகை நாளில் ஜினாலயத்திற்குள் அழைத்து, "இது உங்கள் ஊர்க் கோயிலும்தான்" என்று சொன்ன குடும்பங்கள் எத்தனை? அச்சணந்தி அடிகள் நரசிங்கமங்கலத்தாரிடம் சென்று அதனைச் செய்திருக்கிறார்.

ஆனைமலையைக் கடந்து மேலூர்ச் சாலையில் மேலும் சென்றால் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும். மீனாட்சிபுரத்து மாங்குளக் குன்றில்தான் கணிநந்த ஆசிரியர்க்குப் பள்ளி அமைத்துத் தந்த செய்தி நெடுஞ்செழியன் பெயரோடு தமிழியில் வெட்டப்பட்டிருக்கிறது. இன்றைக்கு 2000 ஆண்டுகட்கும் முற்பட்டது. அரிட்டாபட்டியில் அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனி உள்ளது. அங்கும் காவலுக்குப் பாதிரிக்குடியார் என ஓர் ஊராரின் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. 2022 நவம்பரில் அவ்விரு ஊர்களிலும் 193 எக்டேருக்குச் சற்று மிகுந்த நிலம் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த இரண்டே ஆண்டில், அதனையும் உள்ளடக்கிய 2015 எக்டேர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. டங்ஸ்டன் உலகிற்கு வேண்டாத பொருள் அன்று. விளக்கு இழை முதல் போர்க்கருவி வரை அது புகாத இடமில்லை. கண்மாய்களும் ஊற்றுகளும் நிறைந்த அம்மலைகளுக்கு அடியில் அது கிடக்கிறது என்பதே இடர்.

2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து புறப்பட்டனர். நகரம் அவர்களை நோக்கி விரிந்து சென்ற அதே மேலூர்ச் சாலையில், ஆனைமலையைக் கடந்து, அவர்கள் நகரத்தை நோக்கி வந்தனர். வந்து சேர்ந்த இடம் கோரிப்பாளையத்தை அடுத்த தல்லாகுளம் தலைமை அஞ்சலகம். பதினாறு நாள் கழித்து, ஜனவரி 23 அன்று, ஏலம் இரத்துச் செய்யப்பட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது.