வாடகை வீட்டின் சாவியும் ஓர் அமானிதமே

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன். எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் இறைவனுக்கே உரியது. அவனது ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

 

வல்ல அல்லாஹ் நமக்கு வழங்கிய அருட்கொடைகளை எண்ணிக் காட்டும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில், நம் இல்லங்களை நாம் அமைதி பெறும் இடங்களாக ஆக்கியிருப்பதையும் குறிப்பிடுகிறான். வீடு என்பது கல்லும் மண்ணும் மட்டுமன்று. அது இறைவன் தந்த நிம்மதி. ஆயின், நம் நாகர்கோவில் நகரத்தின் நடுவே அந்த நிம்மதியைத் தேடி அலையும் குடும்பங்கள் எத்தனை என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

கோட்டாற்றுக் கடையில் வேலை பார்க்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் கடை அடைத்த பின்னரே அவர் வீடு திரும்ப இயலும். பிள்ளைகளின் பள்ளி நகரத்திற்குள் இருக்கிறது. வயது முதிர்ந்த தாயாரை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அடிக்கடி அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. எனவே கோட்டாறு, இடலாக்குடி, வடசேரி என நகரத்திற்குள்ளேயே இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டைத் தேடுகிறார். வாடகையைக் கேட்டால் சம்பளத்தில் பாதி போய்விடும். பத்து மாத வாடகை முன்பணம் வேண்டும். தரகருக்கு ஒரு மாத வாடகை வேறு. இவற்றிற்கு வழியில்லாதவர் ஊருக்கு வெளியே குடியேறுகிறார். வாடகையில் மிஞ்சியது பஸ் கட்டணத்தில் கரைகிறது. பள்ளிவாசலின் பாங்கொலியும் மதரஸாவும் தூரமாகிப் போகின்றன.

சகோதரர்களே! கி.பி. 622ல் பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்தடைந்தபோது அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு வீடு இருக்கவில்லை. அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்திலேயே தங்கினார்கள். தம்மைக் காண வருவோருக்கு எளிதாக இருக்கும் என்று கீழ்த்தளத்தைத் தேர்ந்துகொண்டார்கள். ஒருநாள் மேல்தளத்தில் தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. நீர் கீழே ஒழுகி நபிகளார் மீது விழுந்துவிடுமோ என்று அஞ்சிய அத்தம்பதியர், தங்களிடமிருந்த ஒரே போர்வையால் அதனைத் துடைத்தெடுத்தார்கள். தம் வீட்டில் தங்கியவரின் நலத்தைத் தம் நலத்தினும் மேலாகக் கருதிய உள்ளம் அது. தங்களுக்கே தேவை இருந்தபோதும் முஹாஜிர்களுக்கு முன்னுரிமை அளித்த அன்ஸாரிகளை அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 9ஆம் வசனத்தில் அல்லாஹ் புகழ்ந்துரைக்கிறான். வீட்டை இலவசமாகக் கொடுங்கள் என்று இன்று எவரையும் நாம் கேட்கவில்லை. நியாயமான வாடகைக்குக் கொடுங்கள் என்றே கேட்கிறோம்.

இங்கே மிகவும் கவனிக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. ஒற்றி என்றும் ஒத்தி என்றும் நம் பகுதியில் வழங்கும் முறையைத்தான் குறிப்பிடுகிறேன். உதாரணமாக, ஒருவர் வீட்டுக்காரரிடம் 5 இலட்சம் ரூபாய் கொடுக்கிறார். மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருக்கிறார். வெளியேறும்போது அந்த 5 இலட்சத்தையும் குறைவின்றித் திரும்பப் பெறுகிறார். இதனை வாடகை என்று சொல்ல முடியுமா? திரும்ப வரும் பணம் கடனேயாகும். அந்தக் கடனுக்காக அவர் பெற்ற பயன், மூன்றாண்டுக் குடியிருப்பு. கடன் கொடுத்தவர் நிபந்தனையாக அடையும் பயன் வட்டியின்பாற்படும் என்பது மார்க்கச் சட்ட அறிஞர்கள் வகுத்த விதி. பெருந்தொகையை வாங்கிக்கொண்டு, பெயருக்குச் சிறு வாடகை வைப்பதாலும் இதன் தன்மை மாறிவிடாது.

மகளின் திருமணத்திற்காகவோ, மகனை வளைகுடா நாட்டிற்கு அனுப்புவதற்காகவோ வீட்டுக்காரர் ஒற்றிக்கு விடுகிறார். மாத வாடகைச் சுமைக்கு அஞ்சியே குடிவருபவரும் உடன்படுகிறார். இருவரின் நெருக்கடியையும் நாம் அறிவோம். ஆனால் நெருக்கடிக்கு ஹலாலான வழியும் உண்டு. கையில் தொகை உள்ளவர், இரண்டு ஆண்டுகளுக்குரிய வாடகையையே முன்கூட்டிச் செலுத்தட்டும். வீட்டுக்காரருக்கும் ஒரே நேரத்தில் பணம் கிடைக்கும். மாதந்தோறும் வாடகை அதில் கழிந்துகொண்டே வரும். இது கடனன்று; வாடகையேயாகும். இடையில் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் எஞ்சிய மாதங்களுக்குரிய தொகையைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

செய்துகொண்ட உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. நாட்டின் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தையே வலியுறுத்துகிறது. 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதனை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யவும் வேண்டும். இருவரும் வேறாக உடன்பட்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதற்கில்லை. குடியிருப்பவரை வெளியேற்றுவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதற்கும் அனுமதியில்லை. முன்பணம் வீட்டுக்காரரின் வருமானமன்று. திருப்பித் தர வேண்டிய பொறுப்பு. சுவரில் ஆணி அடித்ததைக் காரணம் காட்டி அதனைப் பிடித்துக்கொள்வது, பிறர் பொருளைத் தவறான வழியில் உண்பதேயன்றி வேறென்ன?

குடியிருப்போருக்கும் சில வார்த்தைகள். வெளிநாட்டில் உழைத்து வீடு கட்டிய நம் சகோதரர்கள் பலர், அவ்வீடுகளைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். ஏன்? குடிவந்தவர் காலி செய்ய மறுத்துவிடுவாரோ என்னும் அச்சம்தான். ஒருவர் தவணை முடிந்தும் வெளியேறாமல் அடம்பிடித்தால், அடுத்துப் பத்து ஏழைகளுக்குக் கதவு அடைபடுகிறது. வாடகையை உரிய நாளில் கொடுப்பதும், சொன்ன நாளில் சாவியை ஒப்படைப்பதும் அமானிதத்தைப் பேணுவதாகும். உண்மையாகவே சிரமத்தில் இருப்பவருக்கோ, வீட்டுக்காரர் அவகாசம் தரட்டும். கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை பொறுத்திருக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் போதிக்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. முஸ்லிம் என்பதற்காக வீடு மறுக்கப்படும்போது நம் நெஞ்சம் புண்படுகிறது. அப்படியிருக்க, விதவை என்பதற்காகவும், பிள்ளைகள் அதிகம் என்பதற்காகவும், வேற்று மதத்தவர் என்பதற்காகவும் நாம் வீடு மறுக்கலாமா? உறவினரான அண்டை வீட்டாருக்கு மட்டுமின்றி, அந்நியரான அண்டை வீட்டாருக்கும் உபகாரம் செய்யுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் பணிக்கிறது.

ஆகவே, ஒவ்வொரு ஜமாஅத்தும் பள்ளிவாசலில் ஒரு பதிவேடு வைக்கட்டும். காலி வீடுகளும் வீடு தேடுவோரும் அதில் பதிவாகட்டும். தரகுச் செலவேனும் ஏழைக்கு மிஞ்சும். முன்பணம் கட்ட இயலாதவர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க ஒரு சிறு நிதியைத் திரட்டுவோம். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் உரிமையாளர்களிடம் ஜமாஅத் பெரியவர்கள் பேசட்டும். ஒப்பந்தத்திற்குச் சாட்சியாகவும் நிற்கட்டும்.

சகோதரர்களே! இவ்வுலகில் நாம் அனைவரும் தவணைக்குக் குடியிருப்பவர்களே. சொந்த வீட்டின் சாவியையும் ஒருநாள் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்நாளில் நமக்கு விசாலமான இல்லம் கிடைக்க வேண்டுமாயின், இன்று ஒரு சகோதரனின் நெருக்கடியை நீக்குவோம்.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களை நிம்மதியின் இருப்பிடங்களாக ஆக்குவாயாக! வட்டியின் சாயலிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! வீடின்றித் தவிப்போருக்கு நல்ல இருப்பிடத்தை வழங்குவாயாக! ஆமீன்.