இணையவழி முனைவர் பட்டம்: யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள்?

(கல்வியியல் மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்கல்வியும் சமூகநீதியும் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. அதற்குள்ளிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நான் கல்வியியலில் ஆய்வு செய்கிறேன் என்று தெரிந்ததும் ஆசிரியர்கள் பலர் என்னிடம் கேட்பது இதைத்தான்: "தோழர், ஆன்லைன்ல எஜுகேஷன்ல ஒரு டாக்டரேட் இருக்காம். வீட்லருந்தே மூணு வருஷத்துல முடிச்சிரலாமாம். சில லட்சம் கேக்குறாங்க. போட்ட காசுக்குப் பெறுமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வேலைக்காக என்றால் பெறாது. ஆனால் "பெறாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ள எனக்கு மனமில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் ஏமாளிகள் அல்ல. அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

யார் கேட்கிறார்கள்? தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குப் பத்தாண்டாக வேலை பார்க்கிற ஆசிரியை கேட்கிறார். எம்.எட். முடித்துவிட்டு, வழிகாட்டி கிடைக்காமல் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் ஏறி இறங்கிய இளைஞர் கேட்கிறார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வாரம் இரண்டு நாள் வேறு ஊருக்குப் போய்வர முடியாத தாய் கேட்கிறார். பெரும்பாலும் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள்.

பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டுக்கொள்ளும் ஆசை இதில் இல்லையா என்றால், இருக்கிறது. அதை நான் கேலி செய்யமாட்டேன். பெயரைச் சொல்லாமல் சாதியைச் சொல்லி அழைக்கப்பட்ட ஒருவரின் பேத்தி, தன் பெயருக்கு முன்னால் மூன்றெழுத்தோ நான்கெழுத்தோ வரவேண்டும் என்று விரும்பினால் அது வெற்றுப் பகட்டு அல்ல. நம் தலைவரை நாம் ஏன் டாக்டர் அம்பேத்கர் என்று விடாமல் சொல்கிறோம்? அந்தச் சொல் நமக்கு ஒரு பதில்.

இரண்டாவது காரணம் இன்னும் கசப்பானது. வளாகம் நம்மில் பலருக்குப் பாதுகாப்பான இடமாக இல்லை. 2015 ஜூலைக்குப் பிறகு ரோகித் வெமுலாவுக்கு உதவித்தொகை வரவில்லை. பிறகு விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். அவரது கடைசிக் கடிதத்தில் ஏழு மாத உதவித்தொகை நிலுவை பற்றிய குறிப்பு இருந்தது. ஒரு ஆய்வு மாணவர் சாகும்போதும் கணக்கு எழுத வேண்டியிருந்த நாடு இது. அப்படிப்பட்ட வளாகத்துக்குள் போகாமலேயே பட்டம் வாங்கலாம் என்று ஒருவன் விளம்பரம் செய்தால், அது நம் காதில் நிச்சயம் விழும். விற்கிறவனுக்கும் அது தெரியும்.

சரி, இப்போது சட்டத்தைப் பார்ப்போம். யூஜிசியின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. ஒழுங்குமுறை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: எந்த உயர்கல்வி நிறுவனமும் தொலைதூர வழியிலோ இணையவழியிலோ பிஎச்.டி. நடத்தக் கூடாது. அதே 2022 அக்டோபரில் யூஜிசியும் ஏஐசிடிஇயும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு கைகோத்து வழங்கும் இணையவழி பிஎச்.டி.க்கு அங்கீகாரம் இல்லை, விளம்பரங்களை நம்பாதீர்கள் என்றன. அந்தப் பட்டத்தைக் காட்டிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக முடியாது. விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியில் "இன்டர்நேஷனல் டிகிரி மேடம்" என்பார். அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்று நேராகக் கேட்டால், "அது உங்க யுனிவர்சிட்டியப் பொறுத்தது" என்று நழுவுவார். பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இணையவழிப் படிப்பே மோசம் என்று நான் சொல்லவில்லை. யூஜிசி அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்கள் இணையவழியில் தரும் இளங்கலை, முதுகலைப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று யூஜிசியே அறிவித்திருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படிக்கிறவர்களுக்கு அது நல்ல வழி. நாம் பேசுவது முனைவர் பட்டத்தை மட்டும்.

இனி வரவு செலவு. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர், "பட்டம் வாங்கினால் ஊக்க ஊதிய உயர்வு கிடைக்குமே" என்பார்கள். அது பழைய கணக்கு. உயர்கல்வித் தகுதிக்கான முன் ஊதிய உயர்வைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. பிறகு வந்தது ஒரே ஒருமுறை தரும் தொகை, அதுவும் ஆயிரங்களில். லட்சங்களில் போட்டதை அதைக்கொண்டு எடுக்க முடியாது. கல்லூரி வேலையைக் குறிவைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட், ஸ்லெட் ஆகியவற்றில் ஒன்றுதான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை என்று யூஜிசி விதியைத் திருத்தியது. அப்படியென்றால், அந்த வேலைக்காகச் சில லட்சம் கொடுத்துச் செல்லாத பட்டம் வாங்குவதைவிட, சில நூறு ரூபாய் விண்ணப்பக் கட்டணத்தில் நெட் எழுதுவது மேல்.

"சார், இந்தியாவுல செல்லாதுங்கிறதால இப்படிச் சொல்றீங்க. அமெரிக்காவுல செல்லுதே, அங்க நல்லாத்தானே இருக்கும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே இணையவழி முனைவர் பட்டம் சட்டப்படி செல்லும். பள்ளி முதல்வர்களும் கல்வி அதிகாரிகளும் வேலையில் இருந்துகொண்டே படிக்கும் எட்.டி. என்ற கல்வியியல் முனைவர் பட்டத்துக்கு அங்கே பெரிய சந்தையும் உண்டு. நல்ல நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே நடந்த இரண்டு விஷயங்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, அரிசோனாவிலுள்ள கிராண்ட் கேன்யன் பல்கலைக்கழகம். முனைவர் படிப்பின் செலவை மாணவர்களிடம் குறைத்துக் காட்டியதாகச் சொல்லி, 2023 அக்டோபரில் அமெரிக்கக் கல்வித்துறை அதற்கு 3 கோடியே 77 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. விளம்பரப்படுத்திய செலவுக்குள் படித்து முடித்தவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது கல்வித்துறை. பட்டம் பெற்றவர்களில் 78 விழுக்காட்டினர் கூடுதலாக 10,000 முதல் 12,000 டாலர் வரை கட்டினார்கள் என்றும் சொன்னது. ஆய்வேடு முடியும்வரை 'தொடர்ச்சி வகுப்புகள்' என்று கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் வந்த கூடுதல் இது. பல்கலைக்கழகம் குற்றச்சாட்டை மறுத்தது. 2025இல், ஆட்சி மாறிய பிறகு, அபராதம் திரும்பப் பெறப்பட்டது.

இரண்டு, இணையவழியில் இயங்கும் வால்டன் பல்கலைக்கழகம். இது வணிக நிர்வாக முனைவர் படிப்பைப் பற்றிய வழக்கு. ஆனால் வியாபார முறை ஒன்றுதான். கருப்பின மக்களையும் பெண்களையும் குறிவைத்துச் சேர்த்தார்கள், சொன்னதைவிட அதிகமான பாடப்பிரிவுகளுக்குக் கட்டணம் வசூலித்து ஆய்வேட்டை இழுத்தடித்தார்கள் என்று மாணவிகள் 2022இல் வழக்குப் போட்டார்கள். 2024இல் 2 கோடியே 85 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

கவனியுங்கள் தோழர்களே, அங்கே குறிவைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறவர்கள் யார்? நூறாண்டுகளாகப் பல்கலைக்கழக வாசலில் நிறுத்தப்பட்ட கருப்பினப் பெண்கள். முதலில் கதவை மூடுகிறார்கள். பிறகு மூடிய கதவுக்கு வெளியே நிற்பவரிடம் இன்னொருவன் வந்து, வேறு கதவு இருக்கிறது, கட்டணம் இவ்வளவு என்கிறான். இனம் செய்ததை இங்கே சாதி செய்கிறது. அதனால்தான் இது நம் பிரச்சினை.

முனைவர் பட்டத்தில் நாம் உண்மையில் எதற்குக் காசு கொடுக்கிறோம்? அம்பேத்கரும் கடன் வாங்கித்தான் படித்தார். 1920இல் அவர் மறுபடி லண்டன் போனபோது, பம்பாய் சிடனம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணமும், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியும், நண்பர் நாவல் பதேனா கொடுத்த கடனும் கையில் இருந்தன. ஆகவே படிப்புக்காகக் கடன் வாங்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தக் கடனில் அவர் எதைப் பெற்றார் என்று பாருங்கள். லண்டன் நூலகங்களில் உட்கார நேரம் பெற்றார். எட்வின் கேனன் என்ற பேராசிரியரைப் பெற்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வு 1923இல் நூலாக வந்தபோது கேனன் அதற்கு முன்னுரை எழுதினார். அந்த முன்னுரையிலேயே, உங்கள் வாதங்களில் பெரும்பாலானவற்றை நான் ஏற்கவில்லை என்றும் எழுதினார். தீண்டத்தகாதவன் என்று இங்கே ஒதுக்கப்பட்டவரின் எழுத்தை ஒருவர் முழுதாகப் படித்து, சமமாக மதித்து, மறுத்துப் பேசினார். முனைவர் ஆய்வு என்பது அதுதான். நம் எழுத்தைப் படித்துச் சண்டை போட ஓர் ஆள், உட்கார்ந்து வாசிக்க ஓர் இடம், உடன் ஆய்வு செய்யும் நண்பர்கள், இவற்றுக்கான நேரம். இவை இல்லாமல் வரும் பட்டத்துக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் அது அதிக விலைதான்.

இவையெல்லாம் நம் பல்கலைக்கழகங்களில் கிடைக்கிறதா என்று நீங்கள் கேட்பீர்கள். பல இடங்களில் கிடைப்பதில்லை. வழிகாட்டியின் வீட்டு வேலை செய்த ஆய்வாளர்களை எனக்குத் தெரியும். காசு கொடுத்துக் கட்டுரை போடும் இதழ்கள், ஆய்வேடு அச்சடிக்கும் செலவு, வாய்மொழித் தேர்வன்று சாப்பாடு, சால்வை, அன்பளிப்பு என்று நேரடி பிஎச்.டி.க்கும் மறைமுகச் செலவு உண்டு. பிஎச்.டி. சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு என்று 2024இல் யூஜிசி வைத்தது. எழுத்தில் வாங்கிய மதிப்பெண்ணை நேர்காணலில் இழந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு வளாகத்துக்கு வாருங்கள் என்று அழைப்பது நேர்மையாகாது.

ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பிறகு 42,000 ரூபாய். ஐந்தாண்டுக்கு 24 லட்சம் ரூபாய் வருகிறது. தாமதமாக வரும், போராடி வாங்க வேண்டியிருக்கும். ஆனால் அது நம் உரிமைப் பணம். அது கிடைக்காத முழுநேர ஆதிதிராவிடர், பழங்குடியின ஆய்வாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தரும் திட்டம் இருக்கிறது. ஓரிடத்தில் படிக்க உங்களுக்குப் பணம் தருகிறார்கள். இன்னோரிடத்தில் நகையை அடகு வைத்து நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். முதல் தலைமுறைக் குடும்பத்தில் அந்த நகை தங்கையின் படிப்பாகவும் இருக்கலாம், அப்பாவின் மருத்துவச் செலவாகவும் இருக்கலாம்.

வேலையை விடமுடியாதவர்கள் என்ன செய்வது? பகுதிநேர பிஎச்.டி. இருக்கிறது. 2022 விதிகள் அதை அனுமதிக்கின்றன. வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். ஆய்வுக்கு நேரம் கிடைக்கும், பாடநெறி வகுப்புகளுக்குத் தேவைப்பட்டால் விடுவிக்கப்படுவார் என்று அதில் எழுதித் தர வேண்டும். பட்டம் முழுநேரப் பட்டத்துக்கு நிகரானது. குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. பெண்களுக்குக் கூடுதல் காலம் உண்டு. கட்டணமும் விளம்பரக்காரர்கள் கேட்பதில் சிறு பகுதிதான். பட்டம் கண்டு நாள் ஆகட்டும், பரவாயில்லை.

எந்த முனைவர் படிப்புக்கும் பணம் கட்டும் முன்னால் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தப் பட்டத்தை யூஜிசி அங்கீகரிக்கிறதா? என் வழிகாட்டி யார், அவரிடம் இப்போது எத்தனை பேர் ஆய்வு செய்கிறார்கள்? மூன்றாண்டில் முடியாவிட்டால் நான்காவது ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள்? இடையில் நின்றால் பணம் திரும்ப வருமா? எழுத்தில் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தனித்தனியாக ஏமாறாமல் இருப்பது மட்டும் நமக்குப் போதாது. ஆசிரியர்கள் பகுதிநேர ஆய்வு செய்ய ஊதியத்துடன் கூடிய விடுப்பு வேண்டும். ஒவ்வொரு துறையும் எத்தனை ஆய்வு இடங்கள், அவற்றில் இட ஒதுக்கீட்டுப்படி நிரம்பியவை எத்தனை என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வழிகாட்டி ஒதுக்கீடு ஒருவரின் தயவில் நடக்கக் கூடாது. உதவித்தொகை மாதாமாதம் வர வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இந்த நான்கையும் கோரிக்கையாக வைக்க வேண்டும். வளாகத்தின் கதவு நமக்கு ஒழுங்காகத் திறந்தால், வெளியே கடை விரித்திருப்பவனுக்கு வியாபாரம் நடக்காது.

உங்கள் கேள்விகளுக்காகக் காத்திருக்கிறேன்.