வயிற்றுப் பிள்ளையும் ஈயச் சொம்பும்

(தில்லியில் நம் சங்க மகளிர் பிரிவுக் கூட்டத்தில் டாக்டர் ஒருவர் ஆற்றிய உரையிலிருந்து)

சீமந்தம், வளைகாப்பு பற்றிப் பேசுகிற இடத்தில் புகையையும் ஈயத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பெண் பிள்ளையாண்டிருக்கும்போது அவள் உடம்பு விசித்திரமான ஒரு காரியம் செய்கிறது. குழந்தையின் பாதி அம்சம் தகப்பனாருடையது. அம்மாவின் உடம்புக்கு அது அந்நியம். அதை விரட்டிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தி தன் போக்கைச் சற்று மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் சாதாரண ஃப்ளூ ஜுரம்கூட கர்ப்பிணிகளைக் கடுமையாகப் படுத்துகிறது. போதாக்குறைக்கு, அவள் சுவாசிக்கும் காற்றின் அளவும் அந்த மாதங்களில் கூடிவிடுகிறது. தில்லியில் நவம்பர், டிசம்பரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

பி.எம். 2.5 என்று பேப்பரில் போடுகிறார்களே, அந்தத் துகள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. ஒரு கன மீட்டர் காற்றில் வருஷச் சராசரி 5 மைக்ரோகிராம்தான் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது. நம் நாட்டு வரம்பு 40. தில்லி அதையும் தாண்டி நிற்கிறது. நுரையீரலுக்குள் கிருமிகளை விழுங்கும் காவல் செல்கள் உண்டு. கரித்துகளை விழுங்கியே வயிறு நிறைந்துபோன காவல்காரன் திருடனை எங்கே பிடிப்பான்? கரி அங்கேயும் நிற்பதில்லை. பெல்ஜியத்தில் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தார் 2019ல் நஞ்சுக்கொடியின் குழந்தைப் பக்கத்திலேயே கரித்துகளைக் கண்டார்கள்.

நோய் எதிர்ப்புப் பொருள்களை அம்மா குழந்தைக்குக் கட்டிக் கொடுப்பது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில். மாசுக் காற்று குறைமாதப் பிரசவத்தை அதிகப்படுத்துகிறது. முன்னாடியே பிறக்கிற குழந்தை அந்தச் சீரை முழுதாக வாங்கிக்கொள்ளாமலே வந்துவிடுகிறது. ஆகவே ஜனவரி விடியற்காலையில் நாட்டுப்பெண்ணை வாக்கிங் அனுப்பாதீர்கள். மத்தியான வெயில் வந்தபின் போகட்டும், என்-95 மாஸ்க்கோடு.

இனி நம் ஆத்து சமாசாரம். ஈயச் சொம்பு ரசத்துக்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசத்துக்கு உரியது வெள்ளீயம், அதில் தோஷமில்லை. காரீயம் மலிவு என்று அதில் கலந்துவிட்டால், புளியின் புளிப்பு அதைக் கரைத்து ரசத்தோடு இலைக்குக் கொண்டுவந்துவிடும். தட்டிப் பார்த்தால் தெரியும், தூக்கிப் பார்த்தால் தெரியும் என்பார்கள். அதெல்லாம் நிச்சயமில்லை, எக்ஸ்ரே கருவி கொண்டு சோதிக்க வேண்டும். மஞ்சள் பொடியிலும் கவனம் வேண்டும். பாட்னாவில் வாங்கிய மாதிரிகளில் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்ததாக 2024ல் ஓர் ஆய்வு வந்தது. சட்டம் அனுமதிப்பது 10. மஞ்சள் பளபளவென்று தெரிய காரீயக் குரோமேட் பூசுகிறார்கள்.

காரீயம் உடம்பை ஏமாற்றும். கால்சியம் என்று நினைத்து உடம்பு அதை எலும்பில் பத்திரப்படுத்துகிறது. வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். குழந்தைக்கு எலும்பு வளரும்போது அம்மாவின் எலும்பிலிருந்து கால்சியம் இறங்குகிறது, கூடவே காரீயமும். பத்து வயதில் அவள் சாப்பிட்டது முப்பது வயதில் பேரனுக்குப் போகிறது. கர்ப்பம் கலைவது, ரத்த அழுத்தம், எடை குறைவு, பிறகு குழந்தையின் மூளை வளர்ச்சிக் குறைவு எல்லாம் இதோடு சம்பந்தப்பட்டவை. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

கால்சியமும் இரும்புச் சத்தும் போதுமான அளவு இருந்தால் காரீயம் உடம்பில் ஏறுவது குறையும். "மாத்திரை சூடு" என்று பாதியில் நிறுத்தச் சொல்லும் மாமியார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். ஃப்ளூ தடுப்பூசி, ரத்தத்தில் காரீயப் பரிசோதனை இரண்டையும் பற்றி உங்கள் பிரசவ டாக்டரிடம் கேளுங்கள்.

சொம்பை என்ன செய்வது என்று முன்வரிசையில் ஒரு மாமி கேட்கிறார். சோதித்து நல்லது என்று தெரியும்வரை கொலுப்படியில் வையுங்கள் மாமி. ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள்.