யானைத்தீயும் எட்டு மணிச் சங்கிலியும்

குறிகட்டுவான் துறையிலே படகேறி நயினாதீவை அடையும் யாத்திரிகர், நாகபூஷணி அம்மனைத் தரிசித்தபின் அன்னதான மண்டபத்தில் வரிசையாக அமர்கின்றனர். சோறும் கறியும் வந்தவண்ணம் இருக்கின்றன. சற்று முன்னர் ஆவலோடு உண்ட ஒருவர், பரிமாறுபவர் மறுமுறை வரும்போது இலையின்மேற் கையை விரித்து, "போதும் ஐயா" என்கின்றார். பொன்னையும் பொருளையும் எவ்வளவு கொடுத்தாலும் போதுமென்று சொல்லாத மனிதன், சோற்றுக்கு மட்டும் அச்சொல்லைச் சொல்லிவிடுகின்றான். அதை அவன் வாயில் வைப்பது யாது?

அந்த அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்பது பெயர். மணிமேகலை அட்சய பாத்திரம் பெற்ற மணிபல்லவம் இந்நயினாதீவே என்று அறிஞர் சிலர் கருதுவர்; உடன்படாதாரும் உளர். அக்காப்பியத்திலே காயசண்டிகை என்றொருத்தி வருகின்றாள். முனிவன் ஒருவனுக்குரிய நாவற்கனியைக் காலாற் சிதைத்தமையால் அவனது சாபத்துக்கு ஆளாகி, பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் பெரும்பசியால் வருந்தியவள் அவள். எவ்வளவு உண்டாலும் அவள் வயிறு நிறையவில்லை. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட உணவே அவள் பசியைத் தணித்தது.

உண்டும் நிறையாத இப்பசியை ஒத்த ஒரு காட்சியை அறிஞர் ஆய்வுகூடத்திலே கண்டனர். அதனை விளங்கிக்கொள்ளச் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

1902ஆம் ஆண்டிலே இலண்டன் நகரில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், சிறுகுடலின் சுவரிலிருந்து ஒரு பொருள் இரத்தத்திற் கலந்து சென்று சதையியைச் சுரக்கச் செய்கின்றது என்று காட்டினர். அதற்குச் செக்கிரிற்றின் என்று பெயரிட்டனர். இவ்வாறு இரத்தத்தின் வழியே தூது செல்லும் பொருள்களுக்கு ஓமோன் என்னும் பெயரை 1905இல் ஸ்டார்லிங் வழங்கினார். 1928இல் அமெரிக்காவிலே ஐவி, ஓல்ட்பர்க் என்போர், பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் மற்றொரு குடற்றூதனைக் கண்டு, கொலிசிஸ்டோகைனின் என்று பெயரிட்டனர். பின்னர் ஸ்டாக்ஹோம் நகரில் யோர்ப்பஸ், முற் ஆகிய இருவரும் பன்றியின் குடலிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, முப்பத்துமூன்று அமினோவமிலங்கள் மணிகள்போற் கோக்கப்பட்ட சங்கிலி அஃது எனக் கண்டனர்.

வியப்பு யாதெனின், அச்சங்கிலியின் கடைசி எட்டு மணிகளே அதன் வேலையைச் செய்யவல்லன. அவற்றுள் தைரோசின் என்னும் மணியில் ஒரு சல்பேற்றுக் கூறு ஒட்டியிருக்கின்றது. அது நீங்கினால் பித்தப்பையைச் சுருக்கும் வலிமை பெரிதும் குன்றிவிடும். இவ்வெட்டு மணிகளையும் இரசாயன முறையாற் கோத்து ஆக்கும் வழி 1970 அளவிலே கைகூடிற்று. பன்றிக் குடலை வடித்தெடுத்த சாற்றிலே வேறு பொருள்களும் கலந்திருக்கக்கூடும். செயற்கைச் சங்கிலியிலோ இன்னது இருக்கின்றது என்று துணிந்து கூறலாம். ஆராய்ச்சியாளருக்கு இத்துணிவு பெரியதொரு பேறு.

1973இல் அமெரிக்காவிலே கிப்ஸ், யங், சிமித் என்னும் மூவர் எலிகளின் வயிற்றில் ஒரு சிறு குழாய்வழி அமைத்தனர். எலி உண்ட உணவு குடலைச் சேராமல் அவ்வழியே வெளியேறிற்று. எலி உண்டது, மேலும் உண்டது, நிறுத்தவில்லை. யானைத்தீயே அங்கு மூண்டது எனலாம். அவ்வெலிக்குக் கொலிசிஸ்டோகைனினைச் செலுத்தியபோது அது உண்பதை நிறுத்திற்று. குடலுக்கு உணவு செல்லாதபோதும், உணவு வந்ததென்ற செய்தி சென்றது. நிறைந்து உண்ட எலியைப் போலவே அது உடலை நக்கித் துடைத்து, ஓய்ந்து உறங்கிற்று என்பதும் பின்னர்க் காணப்பட்டது. வயிற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகசு நரம்பை அறுத்துவிட்டால் இத்தூது பலிப்பதில்லை என்பது 1981இல் தெளிவாயிற்று.

தீவுப்பகுதி மக்கள் மீனும் இறாலும் நண்டும் இட்டுக் காய்ச்சும் ஒடியற்கூழைப் பிளாவில் வார்த்துக் குடிக்கின்றனர். அதன் புரதமும் கொழுப்பும் குடலை எட்டும்போது அங்குள்ள கலங்கள் இத்தூதனை அனுப்புகின்றன. செய்தி மூளையைச் சேரச் சிறிது பொழுது வேண்டும். ஆறுதலாக உண்ணுங்கள் என்று மூத்தோர் சொல்வதிலே பொருளுண்டு. விரைந்து விழுங்குபவர், போதும் என்னும் செய்தி வருமுன்னரே அளவைக் கடந்துவிடுகின்றனர்.

அன்பர்களே, இந்தச் சங்கிலியை ஊசியில் ஏற்றி உடற்பருமனைக் குறைத்துவிடலாமே என்று ஒருவர் எண்ணக்கூடும். அறிஞரும் எண்ணிப் பார்த்தனர். 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒவ்வொரு வேளையும் இதனைப் பெற்ற எலிகள் வேளைக்கு உண்ணும் அளவைக் குறைத்தன. ஆனால் வேளைகளின் தொகையைக் கூட்டிக்கொண்டன. இரத்தத்தில் இத்தூதன் நிலைப்பது சில நிமிடங்களே. உடல் தன் கணக்கைப் பல தூதர்களைக் கொண்டு பார்க்கின்றது; ஒருவனை மட்டும் வசப்படுத்தி அதனை ஏமாற்ற இயலாது.

இன்னுமொரு விழிப்பு வேண்டும். ஆய்வுகூடத்துக்கென ஆக்கப்படும் சங்கிலி, குளிரிற் சேமிக்கப்படும் வெண்பொடியாகச் சிறு குப்பியில் வருகின்றது. மனிதருக்கு உரியதன்று என்று அதன்மேற் குறிக்கப்பட்டிருக்கும். இதே எட்டு மணிகளை மருந்துத் தரத்தில் ஆக்கி, சின்கலைட்டு என்ற பெயரில், பித்தப்பையைச் சோதிக்க மருத்துவமனைகளிலே பயன்படுத்துவதுண்டு. அங்கும் விரைந்து ஏற்றினால் வயிற்று வலியும் குமட்டலும் உண்டாகும். மருத்துவர் கண்காணிப்பிலேயே இவ்வாறாயின், ஆய்வுக்கூடப் பொடியை மெலிவிக்கும் மருந்தென்று நம்பி ஏற்றிக்கொள்பவர், அதன் தூய்மையையும் அளவையும் அறியாமலே தம்முடலைச் சோதனைக் களமாக்குகின்றார்.

இறுதியாக ஒன்று. எலியின் பசியை ஒரு செய்தி அடக்கிற்று; ஆனால் அவ்வெலிக்கு ஊட்டம் கிடைக்கவில்லை. வறியவன் பசிக்குச் செய்தி மருந்தாகாது, சோறே மருந்து. போதும் என்னும் உணர்வு எவ்வாறு பிறக்கின்றது என்பதை விஞ்ஞானம் விளக்கியது. அச்சொல்லை மனநிறைவோடு சொல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் கிடைக்கச் செய்வது மனிதரின் கடமை. நயினாதீவின் மண்டபத்திலே இலை விரிக்கும் கைகள் அக்கடமையையே செய்கின்றன.