ஒரு பட்டம், பல வாயில்கள்
(கல்வி விழாவில் ஆற்றிய உரை)



"சட்டம் படித்தால் வக்கீல்தானே?" என்று நம் முண்டியம்பாக்கத்துப் பெற்றோர் கேட்கின்றனர். கோவையில் 1892-இல் பிறந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரின் வாழ்வே அதற்கு விடை. சென்னையில் சட்டம் பயின்ற அவர், 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாகப் பணியாற்றினார். 1944-இல், உலக வங்கிக்கு வித்திட்ட பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராக அமர்ந்தார். 1947 நவம்பர் 26 அன்று, நிதியமைச்சராக, சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். வருமான வரி விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டது குறித்துச் சர்ச்சை எழுந்தபோது, 1948-இல் பதவி விலகினார்.

செல்வங்களே! கல்வி வாயில்களைத் திறக்கும். திறந்தவுடன் பொறுப்பும் உடன் நுழையும். பதவியில் அமர்ந்தவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதையும் சேர்த்தே பயிலுங்கள்.