படம் பிடிக்கும் கை

(ஆழ்வார்பேட்டையில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை வளர்க்கும் இவ்வவையில் படக்கதைகளைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நம் கவிதைகளை நாளை படிக்க வேண்டியவர்கள் இன்று முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இது நம் கவலையே.

தமிழ்க் குழந்தையின் வாசிப்புக்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, எழுத்தின் வடிவம். ‘தோ’ என்னும் ஓரெழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கின்றன. ‘தோட்டம்’ என்று கூட்டி முடிப்பதற்குள் பொருள் நழுவிவிடுகிறது. மற்றொன்று, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு. வீட்டில் ‘ஆனை’ என்று கேட்ட பிள்ளை, ஏட்டில் ‘யானை’யைச் சந்திக்கிறது.

படம் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கண் நிதானமாக எழுத்தைத் தேடுகிறது. ஆயினும், படத்தைப் பார்த்து ‘ஆனை’ என்று சொல்லிவிடுவது வாசிப்பு ஆகாது. முதலில் பிள்ளை படம் பார்த்துத் தன் மொழியில் கதை சொல்லட்டும். பின்னர், நாம் சொல்லின்மேல் விரல் வைத்துப் படிக்க, உடன் படிக்கட்டும். இறுதியில் படத்தை மறைத்து, முதலெழுத்தைக் கண்டு ‘யானை’ என்று தானே படிக்கட்டும். இம்மூன்றாம் படியை விட்டால் ஊகமே வளரும்.

இது புதிய எண்ணமன்று. கொமேனியசு 1658இலேயே படங்களோடு இலத்தீன் கற்பிக்கும் நூலை வெளியிட்டார். சென்னையில் 1947இல் தோன்றிய அம்புலிமாமா, ஓரளவு படிக்கத் தெரிந்த பிள்ளைகளைப் படங்களால் ஈர்த்தது. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான படநூல்களை, 1996இல் இந்நகரில் தொடங்கப்பெற்ற தூலிகா பதிப்பகம் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கொண்டுவந்தது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு நிலைகளில் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்கு அளித்தது.

இவற்றில் கவிஞனுக்கு என்ன பணி? தொடக்கநிலையில் படமும் சொல்லும் ஒன்றையே சொல்லலாம். அடுத்த நிலையில், படம் சொல்லாததைச் சொல் சொல்ல வேண்டும். படத்தில் மழை பெய்யும்போது ‘மழை பெய்கிறது’ என்று எழுத வேண்டுவதில்லை. நனைந்த பிள்ளை அம்மாவிடம் என்ன கேட்டது என்று எழுதுங்கள். அதை அறியவே பிள்ளை எழுத்தை நாடும். பல்லவிபோல் ஒரு வரி திரும்பத் திரும்ப வரட்டும். நான்காம் முறை அது பிள்ளையின் சொந்த வரியாகிவிடும். சுருங்கச் சொல்லலும் ஓசை நயமும் நமக்குப் பழகிய கருவிகள்தாமே!

அடுத்த ஆண்டு விழாவுக்குள் உறுப்பினர் ஒவ்வொருவரும், ஓர் ஓவியரோடு அமர்ந்து, பன்னிரண்டு பக்கத்தில் ஒரு படக்கதை எழுத வேண்டுகிறேன். அச்சுக்குக் கொடுக்குமுன் ஐந்து பிள்ளைகளிடம் படிக்கக் கொடுங்கள். அவர்கள் தடுக்கி நிற்கும் சொல்லைத் தயங்காமல் மாற்றுங்கள்.